ஏறி இறங்கிய மண்

காத்தான்குடிப் பிரதான வீதியில் மோதிரக் கல் விற்கும் ஒருவர் இருக்கிறார். பாங்கொக் போய்வரும் பெரிய வியாபாரிகளிடமிருந்து சில்லறையாக எடுத்து, வெள்ளியில் பதித்துக் கொடுப்பவர். கடைக்குப் போனால் முதலில் தேத்தண்ணி வரும், கல்லெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருநாள் அவருடைய தட்டின் மூலையில் கறுப்பாக ஒன்று கிடந்தது. பட்டை தீட்டாதது, பெருவிரல் நுனியளவு, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். விளக்குக்கு நேரே பிடித்தால் மெல்லிய ஓரம் மட்டும் மண்ணிறமாக ஒளி விட்டது. "வானத்துல இருந்து விழுந்த கல்லு சேர். தாய்லாந்துல வயல் உழக்குள்ள கிடைக்கிறதாம். இத வெச்சிருந்தா கண்ணூறு அண்டாது" என்றார். விலை பேசி வாங்கிக்கொண்டேன்.

கண்ணூறு பற்றி எனக்கு அவரோடு வழக்கில்லை. எங்கள் வீடு கட்டும்போதும் வெருளி கட்டித்தான் கட்டினோம். அது வானத்துக்குச் சொந்தமான கல் என்ற நினைப்புத்தான் எனக்குள் இறங்காமல் கிடந்தது. வானத்திலிருந்து வந்ததென்று சொன்னால் கறுப்புக் கூழாங்கல்லுக்கும் விலை ஏறுகிறது. இங்கேயுள்ள மண் என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் வந்த வியாதியாக இருக்கலாம், வாங்கிய பொருளுக்கு அதற்குரிய பிறப்புச் சான்றிதழைத் தேடாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அந்தக் கறுப்புக் கல் டெக்டைட். இயற்கைக் கண்ணாடி. 1900ஆம் ஆண்டு ஒஸ்திரியப் புவிச்சரிதவியலாளர் பிரான்ஸ் எட்வார்ட் சூஸ் அந்தப் பெயரை இட்டார். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், தென்சீனம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, அவுஸ்திரேலியா என்று இந்தக் கண்ணாடி சிதறிக் கிடக்கிறது. கடலடியில் கிடப்பதையும் சேர்த்தால் பூமியின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். வயதைக் கணித்தால் எல்லாத் துண்டுக்கும் ஒரே விடை: ஏறக்குறைய 788,000 வருடம். அதாவது ஒரே நாளில், ஒரே அடியில் உண்டானவை. அந்த அடியைக் கொடுத்தது விண்கல்தான். ஆனால் கண்ணாடியாகிப் பறந்தது, அடி வாங்கிய நிலம்.

அடியில் கண்ணாடி எப்படி வரும்?

விண்கல் விழுவதைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம், நெருப்புப் பந்து ஒன்று வந்து நிலத்தைச் சுட்டு உருக்குவது. உண்மையில் சூட்டை விட முதலில் வருவது அழுத்தம். பெரிய விண்கல் ஒன்று செக்கனுக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரையான வேகத்தில் பூமியைத் தொடும். 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு கிலோவிலும் இருக்கும் இயக்கச் சக்தி சுமார் 48 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமன். அந்தக் கல் வெடிமருந்தாக இருக்கத் தேவையில்லை, வேகம் ஒன்றே போதும். தொட்ட கணத்தில் அதிர்ச்சி அலை ஒன்று நிலத்துக்குள்ளும் இன்னொன்று விண்கல்லுக்குள்ளும் ஓடும். குவார்ட்ஸ் உருகுவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து இலட்சம் மடங்கு வேண்டும். இறுகிய பாறைக்குத்தான் அவ்வளவு. பொருபொருவென்ற மண்ணுக்கு அதைவிடக் குறைவே போதும். ஏனென்றால் மணிகளுக்கிடையே இருக்கும் இடைவெளிகள் நொறுங்கி மூடும்போதே சூடு பிறந்துவிடும்.

இதில் நான் அடிக்கடி நின்று யோசிக்கும் இடம் ஒன்றுண்டு. பெரும்பாலான பாறை நசுங்கும்போது உருகுவதில்லை, விடுபடும்போதுதான் உருகுகிறது. அழுத்தம் ஏறும்போது பாறைக்குள் போன சக்தி முழுவதும், அழுத்தம் விலகும்போது திரும்பி வெளியே வராது. ஒரு பங்கு உள்ளேயே சூடாகத் தங்கிவிடும். அந்தச் சூடு உருகுநிலையைத் தாண்டினால் பாறை திரவமாகிவிடும், இன்னும் கூடினால் ஆவியாகிவிடும். இத்தனையும் ஒரு செக்கனுக்குள் அடங்கிவிடும்.

உருகியது கண்ணாடியாவதற்கு வேண்டியது அவசரம். சீனிப் பாகை நூல் கட்டி மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு பூக்கும், அதையே ஈரக் கல்லில் சட்டென்று ஊற்றினால் கண்ணாடி மாதிரித் தெளிந்த முட்டாய்தான் கிடைக்கும். அணுக்கள் வரிசை கட்டுவதற்கு நேரம் வேண்டும், நேரம் இல்லாவிட்டால் நின்ற நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். டெக்டைட் ஆகப் போகும் துளிகள் காற்று மண்டலத்துக்கு வெளியே தூக்கி எறியப்பட்டவை. பறக்கும் வழியிலேயே உறைந்தவை. அதனால்தான் அவற்றில் கண்ணீர்த்துளி வடிவமும், நடு ஒடுங்கிய நீள் வடிவமும், உருண்டையும் காணக் கிடைக்கின்றன. சுழலும் திரவம் என்ன வடிவம் எடுக்குமோ அதுவே உறைந்திருக்கிறது.

உருகாமலே கண்ணாடியாவதும் உண்டு. 1865இல் பீகாரின் ஷெர்கோட்டி என்ற இடத்தில் ஒரு விண்கல் விழுந்தது. அதற்குள் பளிங்கின் வெளித்தோற்றம் அப்படியே இருந்தும் உள்ளே அணு ஒழுங்கு எதுவும் இல்லாத ஒரு பொருளைக் கண்டு, 1872இல் அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயர் வைத்தார்கள். பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அதிர்ச்சி அலை உலுக்கிய உலுக்கில் உருவம் மாறாமல் ஒழுங்கு மட்டும் குலைந்துவிட்டது. அந்தக் கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பது பின்னாளில் தெரிந்தது. அதே பொருள் மகாராஷ்டிரத்தின் லோணாரிலும் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய விண்கல் பள்ளங்களில் லோணாரைத்தான் நான் சொல்வேன். எரிமலைக் கருங்கல்லுக்குள் ஏறக்குறைய 1.8 கிலோமீற்றர் அகலத்தில் விழுந்த பள்ளம், நடுவே உவர் ஏரி, கரையில் கறுப்புக் கண்ணாடி உருண்டைகள். முன்பு ஐம்பதாயிரம் வருடம் என்றார்கள், பாறைக்குள் சேரும் ஆகன் வாயுவை அளந்து வயது கணிக்கும் முறையில் பார்த்தபோது 570,000 வருடம் வந்தது.

பெரிய மனிதர்களும் தடுமாறிய இடம்

இந்தக் கண்ணாடியைக் கண்டவர்கள் எல்லோரும் அதை எங்காவது ஓரிடத்தில் சேர்த்துவிடத் துடித்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சீனத்தில் இடித் தேவனுடைய மைக்கட்டி என்றார்கள். பீகிள் கப்பலில் அவுஸ்திரேலியா போன சார்ள்ஸ் டார்வினுக்கு, தோமஸ் மிச்சல் என்ற நில அளவையாளர் பொத்தான் வடிவத்துண்டு ஒன்றைக் கொடுத்தார். டார்வின் அதை எரிமலை கக்கிய கண்ணாடி என்று 1844இல் எழுதினார். அருகே எரிமலை எதுவும் இல்லை என்பதையும் அவரே கவனித்திருந்தார். கிரக்கத்தோவா எரிமலையை ஆராய்ந்து பேர்பெற்ற வெர்பீக், எரிமலைக் கண்ணாடியை நன்றாக அறிந்தவர். அவர் 1897இல் இது சந்திரனிலிருந்து வந்தது என்றார். அந்த எண்ணம் எழுபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. நாசாவின் ஜோன் ஓகீஃப் கடைசி வரை அதை விடவில்லை. 1969இல் அப்பலோ 11 சந்திரக் கல்லைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்கள் விட்டார்கள், இரண்டின் வேதியியலும் ஒத்துப்போகவில்லை.

ஆங்கிலேயப் பயண ஆய்வாளர் ஹரி பில்பியின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1932இல் அவர் அரேபியப் பாலைவனத்தில், கடவுளின் கோபத்தால் நெருப்பு விழுந்து அழிந்த நகரம் என்று பதூவினர் சொன்ன இடத்தைத் தேடிப் போனார். வபார் என்று அவர்கள் காட்டிய இடத்தில் மதில் போலத் தெரிந்தவை பள்ளங்களின் விளிம்புகள். முதற் பார்வையில் எரிமலை என்று நினைத்தார். கூட வந்தவர்களோ மணலில் கிடந்த கறுப்புக் கண்ணாடி மணிகளைப் பொறுக்கினார்கள், எரிந்துபோன நகரத்துப் பெண்களின் முத்து என்று. அவை இரும்பு விண்கல் விழுந்து உருக்கிய பாலைவன மணல். அவர்கள் கையில் எடுத்தது அரேபிய மண்ணைத்தான், ஆனால் அழிந்த நகரத்து முத்து என்று நினைத்ததால்தான் குனிந்தார்கள்.

அதே 1932இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பட்ரிக் கிளேய்ற்றன் என்பவர் மஞ்சள் கண்ணாடி பரந்து கிடப்பதைக் கண்டு சொன்னார். லிபியப் பாலைவனக் கண்ணாடி. 98 சதவீதம் சிலிக்கா, வயது ஏறக்குறைய 29 மில்லியன் வருடம். துட்டன்காமூனின் மார்பணியில் இருக்கும் வண்டுச் சிற்பம் இந்தக் கண்ணாடியில்தான் செதுக்கப்பட்டது. காற்றில் வெடித்த விண்கல்லா, நிலத்தில் மோதியதா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2019இல் வெளியான ஆய்வொன்று, அந்தக் கண்ணாடிக்குள் இருந்த சிர்கோன் மணிகளில் ரெய்டைட் என்ற கனிமம் இருந்ததற்கான தடயத்தைக் காட்டியது. மிக உயர்ந்த அழுத்தத்தில்தான் அது உண்டாகும். காற்றில் வெடிப்பதால் அவ்வளவு அழுத்தம் நிலத்துக்கு வராது. ஆகவே மோதியிருக்கிறது.

சிர்கோன் நமக்குப் புதிதில்லை. புல்மோட்டையில் இல்மனைற்றோடு சேர்த்து அதையும் மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். கனமான மணி, எளிதில் அழியாது. அதனால் நல்ல சாட்சி. 1673 பாகை செல்சியசில் அது சிதைந்து வேறு கனிமமாகும். கனடாவின் மிஸ்ராஸ்ரின் ஏரி ஒரு விண்கல் பள்ளம். அங்கே கிடைத்த கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்த சிர்கோன், 2370 பாகையைக் கடந்த சூட்டுக்குத் தடயம் வைத்திருந்தது. எரிமலைக் குழம்பு 1200 பாகையைத் தாண்டுவதே அரிது.

பத்தரின் பட்டறை

படித்ததெல்லாம் சரி, என் கையிலிருப்பது அசலா என்ற கேள்வி மிச்சமிருந்தது. சந்தையில் போத்தல் கண்ணாடியை அமிலத்தில் அரித்து விண்கண்ணாடி என்று விற்கிறார்கள். செக் நாட்டின் பச்சை நிற டெக்டைட்டான மோல்டவைட்டுக்கு இப்போது நல்ல மவுசு, அதனால் போலியும் பெருகியிருக்கிறது. எளிமையான பரிசோதனை ஒன்று புத்தகத்தில் இருந்தது. எரிமலைக் கண்ணாடிக்குள் தண்ணீர் இருக்கும், ஒரு சதவீதத்துக்குக் கிட்டவரை கூட. டெக்டைட்டில் 0.02 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டையும் கடுமையாகச் சுட்டால் எரிமலைக் கண்ணாடி நுரைக்கும், டெக்டைட் நுரைக்காது.

எரிமலைக் கண்ணாடிக்கு நான் கஷ்டப்படவில்லை. பலெர்மோவில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது லிப்பாரித் தீவில் பொறுக்கிய கறுப்புத் துண்டொன்றை, "மாமா, உங்களுக்குத்தான்" என்று கொடுத்திருந்தான். போத்தல் துண்டு கல்லடிக் கடற்கரையில் எவ்வளவும் கிடக்கும். நெருப்புக்குத்தான் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார், என்னிடம் படித்தவர்களில் ஒருவரின் தகப்பன். அவரிடம் போனேன். கல்லின் ஓரத்தை உடைக்க வேண்டும் என்றதும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். "காசு குடுத்து வாங்கின கல்ல உடைக்கவா வந்த நீங்க?" என்று கேட்டார். மறுகா அவரே துணியில் சுற்றி ஒரு தட்டுத் தட்டினார். சிப்பி வளைவுகளோடு பளபளவென்று உடைந்தது. அவர் லென்சைக் கண்ணில் பொருத்திப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஓட்டம் கிடக்கு சேர்" என்றார். கலங்கிய பாகு கிண்டிவிட்ட சுவடுகளைத்தான் அவர் சொன்னார். நெளிநெளியான கோடுகள், இடையிடையே நீண்டுபோன குமிழிகள்.

மூன்று துண்டையும் கரிக்கட்டையில் வரிசையாக வைத்து, காஸ் டோர்ச்சை முதலில் தூரத்திலும் பிறகு கிட்டவும் பிடித்தார். சடுதியாகச் சுட்டால் வெடித்துவிடும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போத்தல் துண்டு முதலில் சரிந்தது. கூர் முனைகள் மழுங்கி, செம்மஞ்சளாகச் சுருண்டு துளியாகிவிட்டது. லிப்பாரித் துண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு பக்கம் வீங்கி, சாம்பல் நிறத்தில் நுரைத்துப் பொங்கியது. கறுப்புக் கண்ணாடி நுரைக்கல்லாக மாறுவதைப் பார்த்த பத்தர், "இதென்ன இது" என்று தீயைக் கூட்டினார். காத்தான்குடிக் கல் சிவந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் உருண்டது. குமிழி ஒன்றும் கிளம்பவில்லை. டோர்ச்சை எடுத்ததும் கறுத்து, இருந்தபடியே இருந்தது.

"இது ஏற்கெனவே ஒருக்கா நல்லா வெந்த சாமான் சேர். இதுக்குள்ள போக்க ஒண்டும் மிச்சமில்ல" என்றார் பத்தர்.

அவருடைய வாயால் வந்ததைவிடச் சரியாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அவர் தங்கத்தைப் புடம் போடுகிறவர், எது ஏற்கெனவே நெருப்பைக் கண்டது என்பது அவருக்குத் தெரியும். நான் உற்சாகத்தில் முழுக் கதையையும் சொன்னேன். விண்கல் மோதியது, மண் உருகியது, மேலே பறந்தது, உறைந்தது, விழுந்தது, ஆகவே இது பூமிக் கல், அந்த வியாபாரி சொன்னது போல வானத்துக் கல் இல்லை என்று முடித்தேன். பத்தர் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மேல போய்த்தானே விழுந்திருக்கு? அப்ப அந்த மனுசன் சொன்னதில பொய் எங்க கிடக்கு?"

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. அவுஸ்திரேலியாவில் கிடைக்கும் பொத்தான் வடிவ டெக்டைட்டுகளைப் பார்த்தால் பத்தர் பக்கம் இன்னும் பலக்கிறது. அவை இரண்டு முறை உருகியவை. முதல் முறை மோதலில். உறைந்து உருண்டையாகி காற்று மண்டலத்துக்கு வெளியே போய்த் திரும்பும்போது, முன்னால் காற்று நெருங்கி அழுந்திய சூட்டில் முன்பக்கம் மறுபடி உருகி, பின்னால் வழிந்து ஒரு விளிம்பாக மடிந்திருக்கிறது. நாசாவின் டீன் சப்மன் கண்ணாடி உருண்டைகளைச் சூடான வேகக் காற்றில் வைத்து, அதே விளிம்பை ஆய்வுகூடத்தில் வரவழைத்துக் காட்டினார். வானத்திலிருந்து நுழைந்ததற்கான முத்திரை அவற்றின் முகத்திலேயே இருக்கிறது. விழுந்தது வானத்திலிருந்துதான், பிறந்த இடம் அதுவல்ல. வியாபாரிக்கு முதற்பாதி போதும். எனக்குப் போதவில்லை.

மழை வைத்த அடையாளம்

பிறந்த இடத்தை நிரூபிக்கும் ஆதாரங்களில் என்னை மிகவும் ஆட்கொண்டது பெரிலியம்-10. அண்டக் கதிர்கள் மேல் வளியில் நைதரசன், ஒட்சிசன் அணுக்களைத் தாக்கி இந்தச் சமதானியை (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணு வகையை) உண்டாக்குகின்றன. அது மழையோடு இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 14 இலட்சம் வருடத்தில் பாதி அழியும். மழை தொடும் மேல்மண்ணில்தான் அது நிறைந்திருக்கும், ஆழத்துப் பாறையில் இராது. அவுஸ்திரேலிய-ஆசிய டெக்டைட்டுகளில் அது தாராளமாக இருக்கிறது. ஆகவே இந்தக் கண்ணாடி பூமியின் உள்ளேயிருந்து கிளம்பியதில்லை. மழை ஊறிய மேற்பரப்பு மண், அதுவும் மோதல் தொடங்கிய முதற் கணத்திலேயே பீறிட்டுப் போனது. படுவான்கரையில் பெரும்போகத்துக்கு உழும்போது கலப்பை புரட்டும் ஆழத்தை நினைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழேயும் நிறைய ஆழம் சேர்த்து. இப்படிச் சொன்னபோது என் தம்பி, "அப்ப அது வயல் மண்" என்றான். சண்டைக்கு நிற்கவில்லை, ஓம் என்றேன்.

வந்த விண்கல் எங்கே? பெரும் பங்கு ஆவியாகிவிட்டது. ஐவரி கோஸ்ற் டெக்டைட்டுகள் கானாவின் பொசும்ட்வி பள்ளத்திலிருந்து 1.07 மில்லியன் வருடம் முன்பு பறந்தவை. ஒஸ்மியம் சமதானிகளை வைத்துப் பார்த்தபோது அவற்றில் விண்கல்லின் பங்கு 0.6 சதவீதத்துக்குள்தான். மீதி முழுவதும் ஆபிரிக்கப் பாறை. பெயரெல்லாம் விருந்தாளிக்கு, சமையல் முழுக்க வீட்டுக்காரர் சாமான்.

அரலகன்வில

எதையும் வானத்தோடு சேர்த்துவிடும் இந்த ஏக்கம் காத்தான்குடிக் கடையோடு நின்றால் பரவாயில்லை. 2012 டிசம்பர் 29 மாலை பொலன்னறுவை மாவட்டத்தில் அரலகன்வில பக்கம் வானத்தில் நெருப்புப் பந்து தெரிந்தது, கல் விழுந்தது என்றார்கள். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம், கொஞ்ச நாள் இங்கே தேத்தண்ணிக் கடைகளிலும் அதே பேச்சு. அடுத்த மாதமே பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும், அந்தக் கல்லுக்குள் டயட்டம் என்ற நுண்பாசிகளின் எச்சம் இருக்கிறது, உயிர் விண்வெளியிலிருந்து வந்ததற்கு இது சாட்சி என்று எழுதினார்கள். மற்ற விஞ்ஞானிகள் சொன்ன மறுப்புகள் எளிமையானவை. டயட்டங்கள் பூமியின் நன்னீரில் வாழும் இனங்களைப் போலவே இருக்கின்றன, கல்லும் விண்கல்லின் இயல்பைக் காட்டவில்லை. சிலர் அது மின்னல் உருக்கிய மண்ணாக, ஃபல்கரைட்டாக இருக்கலாம் என்றார்கள். விக்கிரமசிங்க தரப்பு அதை மறுத்தது.

விண்வெளி உயிர் பற்றிய அவர்களுடைய கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் எனக்குச் சுவையாக இருந்தது எதிர்த்தரப்புச் சொன்ன ஃபல்கரைட்தான். மின்னல் மணலில் இறங்கும்போது 1800 பாகைக்கு மேல் சூடாகி, அது போன பாதையில் கண்ணாடிக் குழாய் உண்டாகும். வெளியே மணல் ஒட்டி, உள்ளே வழவழப்பாக, வேர்போலக் கிளைத்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை வந்தால் இடி முழங்கும் எங்கள் கரைக்கு இது விண்கல்லை விடப் பக்கத்துச் சமாச்சாரம். பாசிக்குடா போன்ற மணற்பரப்பில் அதைத் தேட ஆசை. இதுவரை ஆசை மட்டும்தான். உருக்கியது வானம், உருகியது மண் என்ற அதே கணக்கு, கொஞ்சம் சிறிய அளவில்.

காணாமற்போன பள்ளம்

பொத்துவிலிலோ கல்லடியிலோ நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் கடலுக்கடியிலும் இந்தக் கண்ணாடி இருக்கிறது. ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய துளிகள், மைக்ரோடெக்டைட்டுகள். ஆழ்கடற் சேற்றில் இவை கிடப்பதை 1967இல் அறிவித்தவர் அமெரிக்கரான பில்லி கிளாஸ். கோவாவில் உள்ள தேசிய சமுத்திரவியல் நிறுவனத்தின் ஷியாம் பிரசாத் போன்றவர்கள் மத்திய இந்து சமுத்திரத்தின் அடிமண்ணில் இவற்றை நெடுக ஆராய்ந்தார்கள். எங்கள் கரையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றரில், தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் என்ற கடலடி மலையின் மேல் 758ஆம் இலக்கத் துளையை இட்டுச் சேற்றுத் தூண் எடுத்தபோது, சுமாத்திராவின் தோபா எரிமலைச் சாம்பல் அடுக்குகளோடு இந்தத் துளிகளின் அடுக்கும் வந்தது. எரிமலைக் கண்ணாடியும் மோதற் கண்ணாடியும் ஒரே தூணில். பத்தரின் கரிக்கட்டையில் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டையும் கடல் முன்னமே அடுக்கி வைத்திருந்தது. இன்னும் தூரம் போனால், அந்தாட்டிக்காவின் மலை உச்சிகளில்கூட இதே வயதுத் துளிகள் கிடைத்திருக்கின்றன.

இத்தனை மண்ணை எறிந்த பள்ளம் எங்கே என்பதுதான் இன்றைக்கும் தீராத வழக்கு. மோல்டவைட்டுக்குத் தாய் கிடைத்துவிட்டது: ஜேர்மனியின் ரீஸ் பள்ளம், 24 கிலோமீற்றர் அகலம், 14.8 மில்லியன் வருடம். அதற்குள்ளே நோர்ட்லிங்கன் என்ற ஊர் இருக்கிறது. மோதலில் உண்டான, கண்ணாடி கலந்த கல்லிலேயே கட்டிய தேவாலயம் அங்கே நிற்கிறது. ஷூமேக்கர், சாவோ என்ற இரு புவிச்சரிதவியலாளர்கள் அந்தப் பக்கத்துப் பாறையில் கோயசைட் என்ற உயரழுத்தக் கனிமத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஊர்க்காரர்கள் தாம் எரிமலைக்குள் குடியிருப்பதாகவே நினைத்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய, எல்லாவற்றிலும் இளைய நம் பக்கத்துச் சிதறலுக்குப் பள்ளம் இல்லை. எட்டு இலட்சம் வருடம் பூமிக்கு ஒரு காலமே இல்லை. தென்சீனத்தின் போசே பள்ளத்தாக்கில் இந்தக் கண்ணாடி கிடைக்கும் அதே மண் அடுக்கில் ஆதி மனிதரின் கைக்கோடரிகள் இருக்கின்றன. அந்த நெருப்பைப் பார்த்த கண்கள் இருந்திருக்கின்றன, பள்ளம்தான் கண்ணில் படவில்லை.

2020இல் சிங்கப்பூரில் பணியாற்றிய கெரி சீயும் குழுவினரும் லாவோசின் தென்பகுதியில் உள்ள பொலவன் மேட்டுநிலத்தைக் காட்டினார்கள். பள்ளம் பிற்காலத்து எரிமலைக் குழம்பால் மூடப்பட்டுவிட்டது, 13க்கு 17 கிலோமீற்றர் அளவில் அடியில் புதைந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஈர்ப்பு விசை அளவீடுகளில் அங்கே குறைபாடு தெரிகிறது, பக்கத்தில் உடைந்து சிதறிய மணற்கற்களில் அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸ் இருக்கிறது. 2022இல் மறுப்பு வந்தது: அங்குள்ள பாறைகளின் வேதியியல் டெக்டைட்டோடு ஒத்துப்போகவில்லை, வேறிடம் தேட வேண்டும் என்று. சிலர் வடமேற்குச் சீனப் பாலைவனத்தைக் காட்டுகிறார்கள்.

நான் லாவோஸ் பக்கம். காரணம் புவியீர்ப்பை விட எளிமையானது. லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் பக்கத்தில்தான் பறந்து வடிவெடுக்காத, அடுக்கடுக்கான, பல கிலோ எடையுள்ள டெக்டைட் கட்டிகள் பெரும்பாலும் கிடைக்கின்றன. மூவாங் நோங் வகை என்று அவற்றுக்கு லாவோஸ் ஊர் ஒன்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கனமான கட்டி தூரம் போகாது. தூரம் போகப் போகத் துண்டு சிறுக்கிறது, அவுஸ்திரேலியாவில் பொத்தானாகி, அந்தாட்டிக்காவில் தூளாகிவிடுகிறது. வேதியியல் வழக்கு அதைவிடப் பலமாக இருந்தால் மாற்றிக்கொள்வேன். ஆனால் அந்த மேட்டில் குழம்பைத் துளைத்து அடியைப் பார்க்காமல் எந்தப் பக்கத்து வாதத்துக்கும் முழுப் புள்ளி கொடுக்க நான் தயாரில்லை.

காத்தான்குடிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன், பத்தர் சொன்னதையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டார். "மண்ணெண்டு சொன்னா ஆர் வாங்குவான் சேர்? நீங்க வாங்கியிருப்பீங்களா?" என்றார். இப்போது வருகிறவர்களிடம், தாய்லாந்து மண் வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது என்று சொல்லி விற்கிறாராம். விலை குறையவில்லை, கூட்டியிருக்கிறார்.